சில்லும் கம்பியும் ஒரே கூரையில்: என்.இ.சி. நிறுவனத்தின் வியூகம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றி

ஜப்பானின் என்.இ.சி. நிறுவனம் 1977இல் ஒரு வியூகத்தை உலகுக்கு அறிவித்தது. கணினியும் தொலைத்தொடர்பும் வருங்காலத்தில் ஒன்றாகிவிடும், இரண்டையும் சேர்த்துவைப்பது குறைக்கடத்தி, அதாவது மின்னணுச் சில்லு, எனவே மூன்றையும் நாமே செய்வோம் என்பதுதான் அது. பதினைந்து ஆண்டுகள் அந்த வியூகம் கொடிகட்டிப் பறந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் சில்லுத் தொழில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைநழுவிப் போனது. நெட்வொர்க் தொழில் மட்டும் தங்கியது.

முன்கூட்டிக் கணித்தது பலித்தும் தொழில் ஏன் தங்கவில்லை? இந்த ஆய்வு எழுத அந்தக் கேள்விதான் காரணம். இங்கே சொல்லப்படுபவை பொதுவெளியில் பதிவானவை. ஆட்களைப் பதவியால் மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன். யார் என்பதைவிட என்ன முடிவு, எந்த நெருக்கடியில் என்பதுதான் இங்கே வேண்டும்.

பின்னணி: ஒரே பெரிய வாடிக்கையாளர்

என்.இ.சி. 1899இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கோடு கூட்டாகத் தொடங்கப்பட்டது. அந்நிய முதலீட்டோடு ஜப்பானில் அமைந்த முதல் கூட்டு நிறுவனம் அதுதான். தொலைபேசிப் பெட்டியும் எக்ஸ்சேஞ்சும் செய்து விற்றது. 1952இல் தொலைபேசிச் சேவைக்கென அரசு ஒரு பொதுக் கழகத்தை அமைத்தபோது, அதற்குக் கருவி கொடுக்கும் நான்கு நிறுவனங்கள் நிலைபெற்றன: என்.இ.சி., ஃபுஜிட்சு, ஹிட்டாச்சி, ஓகி. கழகத்தின் சுருக்கப் பெயரான டென்டென்னை வைத்து, இவற்றை "டென்டென் குடும்பம்" என்றே அங்கே அழைத்தார்கள். நம் ஊரில் தபால் தந்தித் துறைக்குத் தொலைபேசிக் கருவி செய்துதந்த ஐடிஐ என்ற அரசு நிறுவனம் இருந்ததுபோல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே அந்த நால்வரும் தனியார்.

இந்த உறவு எப்படி இயங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். கழகத்தின் ஆய்வகமும் நிறுவனங்களின் பொறியாளர்களும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு கருவியின் விவரக்குறிப்பை எழுதுவார்கள். அதைச் செய்து முடிக்கச் சில ஆண்டுகள் ஆகும். முடிந்ததும் ஆர்டர் நிச்சயம். விலையில் அடிபிடி குறைவு. தரத்தில் கண்டிப்பு அதிகம். ஆராய்ச்சிக்குப் போட்ட பணம் திரும்பி வரும் என்ற நம்பிக்கையோடு வேலை பார்க்க முடிந்தது.

குறைக்கடத்தியும் இந்த நிழலில்தான் வளர்ந்தது. 1950களில் டிரான்சிஸ்டர் ஆய்வு. 1963இல் அமெரிக்காவின் ஃபேர்சைல்டு நிறுவனத்தின் பிளேனர் என்ற சில்லு உற்பத்தி முறைக்கு ஜப்பானில் உரிமம். செய்த சில்லுகளின் முதல் பயனாளி பெரும்பாலும் பக்கத்துக் கட்டடத்தில் எக்ஸ்சேஞ்சோ கணினியோ செய்துகொண்டிருந்த சக ஊழியர். 1976 முதல் 1980 வரை அரசும் ஐந்து நிறுவனங்களும் சேர்ந்து நடத்திய பெருந்தொகுப்புச் சில்லு ஆய்வுத் திட்டத்திலும் என்.இ.சி. இருந்தது. ஏறத்தாழ 7,000 கோடி யென் செலவான அந்தத் திட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போல அரசு கொடுத்தது.

1977: அட்லாண்டாவில் ஓர் அறிவிப்பு

அந்த ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் நடந்த பன்னாட்டுத் தொலைத்தொடர்பு மாநாட்டில் என்.இ.சி.யின் அப்போதைய தலைவர் பேசினார். கணினியும் தொடர்பும் ஒன்றுசேரும் என்பதை இரண்டு ஆங்கில எழுத்துகளில் சுருக்கி "சி அண்ட் சி" என்று பெயர் வைத்தார். கேட்டவர்கள் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டார்களா என்பது வேறு விஷயம். பொறியியல் கணக்கு அவர் பக்கம் இருந்தது.

எக்ஸ்சேஞ்ச் டிஜிட்டலாக மாறினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். பேசும் குரலை வினாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டாக எழுத வேண்டும். ஓர் உரையாடல் வினாடிக்கு 64,000 பிட் ஆகிறது. இந்த வேலையை ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு சில்லு செய்தாக வேண்டும். பத்தாயிரம் இணைப்புள்ள ஒரு சிறு நகர எக்ஸ்சேஞ்சுக்கே பல்லாயிரம் சில்லு தேவை. நடுவில் இருந்து வழி மாற்றிவிடும் எந்திரமோ உண்மையில் ஒரு கணினி. ஆக, டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் செய்கிறவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கணினியும் சில்லும் தெரிந்தவனாக இருந்தாக வேண்டும்.

எடுத்த முடிவுகள் மூன்று. முதலாவது, இந்த வியூகத்தை மேற்பார்க்க உயர்மட்டத்தில் ஒரு குழு. பிரிவுகளின் எல்லையைத் தாண்டி முதலீட்டை முடிவுசெய்யும் அதிகாரம் அதற்கு இருந்தது. இரண்டாவது, குறைக்கடத்தியை மையத் திறனாக வைத்து அதில் பணம் போடுவது. மூன்றாவது, எல்லாவற்றையும் தாமே கண்டுபிடிக்க வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாமல், வெளியே உள்ளவர்களோடு கூட்டுச் சேர்ந்து கற்றுக்கொள்வது. 1987க்குள் இப்படிப்பட்ட கூட்டுகள் நூற்றைத் தாண்டிவிட்டன. மூன்றில் இதுதான் மிகக் கெட்டிக்காரத்தனமான முடிவு என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றவர்கள் பத்து ஆண்டில் கற்றதை உரிமக் கட்டணம் கொடுத்து இரண்டு மூன்று ஆண்டில் கற்றார்கள்.

1980களில் கண்டது

விளைவு வேகமாகத் தெரிந்தது. 1982இல் வந்த பிசி-9801 கணினி, கான்ஜி எனப்படும் சீன வடிவ ஜப்பானிய எழுத்துகளைத் திரையில் காட்டும் வேலையை வன்பொருளிலேயே செய்தது. ஜப்பானியக் கணினிச் சந்தையில் பாதிக்கு மேல் அதன் வசம் வந்தது. கலிஃபோர்னியாவின் ரோஸ்வில், ஸ்காட்லாந்தின் லிவிங்ஸ்டன் ஆகிய ஊர்களில் சில்லுத் தொழிற்சாலைகள் எழுந்தன. 1985இல் குறைக்கடத்தி விற்பனையில் உலக முதலிடம். அதை 1991 வரை விடவில்லை.

அமெரிக்காவின் ஜிடிஇ என்ற தொலைபேசி நிறுவனத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அப்போது வழக்கமானது. 1980இல் ஜிடிஇயின் விற்பனை 998 கோடி டாலர், என்.இ.சி.யினுடையது 380 கோடி. 1988இல் ஜிடிஇ 1,646 கோடி, என்.இ.சி. 2,189 கோடி. கோயம்புத்தூரில் பிறந்த ஒரு மேலாண்மைப் பேராசிரியரும் அவருடைய சக ஆய்வாளரும் 1990இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்த எண்களை வைத்துத்தான் தொடங்கும். அதற்கப்புறம் உலகெங்கும் மேலாண்மை வகுப்புகளில் என்.இ.சி. ஒரு வெற்றிப் பாடமாக ஓதப்பட்டது.

அந்த எண்கள் சரிதான். ஆனால் விற்பனை எண் ஒரு நிறுவனத்தின் உடல்நிலையைப் பாதிதான் சொல்லும். அதே பத்தாண்டில் நடந்த இரண்டு விஷயங்களை வெற்றிப் பாடம் அதிகம் கவனிக்கவில்லை. 1985இல் தொலைபேசிக் கழகம் தனியார்மயமாகி என்டிடி ஆனது. அந்தப் பெரிய வாடிக்கையாளர் இனி பொறுமையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 1986இல் அமெரிக்காவும் ஜப்பானும் குறைக்கடத்தி ஒப்பந்தம் செய்தன. விலையும் சந்தைப் பங்கும் அரசியல் பேச்சாகிவிட்டன.

இன்னொன்று. விற்ற சில்லுகளில் பெரும்பங்கு டி-ரேம் நினைவகச் சில்லு. எக்ஸ்சேஞ்சுக்குள் போகும் தனிப்பயன் சில்லுக்கும் டி-ரேமுக்கும் பெயர்தான் ஒன்று, தொழில் வேறு. தனிப்பயன் சில்லு ஒரு தையல்கடைச் சட்டை மாதிரி. வாங்குபவரின் அளவு தெரிந்தவர்தான் தைக்க முடியும். டி-ரேம் மூட்டை அரிசி மாதிரி. யார் மலிவாகத் தருகிறாரோ அவரிடம் வாங்குவார்கள். இந்த வேறுபாடு பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

1990களில் விழுந்த விரிசல்

டி-ரேம் தொழிலில் ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிய தொழிற்சாலை வேண்டும். ஒவ்வொன்றும் முந்தையதைவிட விலை கூடுதல். சந்தை நன்றாக இருக்கும்போது எல்லோரும் கட்டுவார்கள். எல்லாம் ஒரே சமயத்தில் உற்பத்திக்கு வரும்போது விலை சரியும். அந்தச் சரிவின் நடுவிலும் அடுத்த தொழிற்சாலைக்குப் பணம் போடுகிறவன்தான் மிஞ்சுவான். தென்கொரியாவின் சாம்சங் அதைத்தான் செய்தது. ஜப்பானிய நிறுவனங்கள், வேறு பத்துப் பிரிவுகளுக்கும் பணம் பகிர வேண்டியிருந்ததால், சரிவில் கையை இழுத்துக்கொண்டன. 1996லும் 1998லும் நினைவகச் சில்லு விலை பலமாக விழுந்தது.

இதற்கிடையே 1992இல் இன்டெல் முதலிடத்தைப் பிடித்துவிட்டது, நுண்செயலியை வைத்து.

கணினிப் பக்கமும் அதே கதை. மென்பொருளாலேயே ஜப்பானிய எழுத்தைக் காட்டும் முறை 1990இல் வந்தது. விண்டோஸ் 95 வந்ததும் பிசி-98இன் தனிச்சிறப்புக்கு வேலை இல்லாமல் போனது. அமெரிக்கச் சந்தையைப் பிடிக்கலாம் என்று பேக்கார்டு பெல் நிறுவனத்தில் 1995 முதல் பணம் போட்டார்கள். 1999இல் அமெரிக்க வீட்டுக் கணினி விற்பனையை மூடுவதாக அறிவிக்க வேண்டியதாயிற்று. 1998இல் பாதுகாப்புத் துறைக் கொள்முதலில் கூடுதலாகக் கணக்கெழுதிய விவகாரம் வெடித்து, நெடுங்காலம் நிறுவனத்தை நடத்திய தலைவர் பதவி விலகினார். 1999 மார்ச்சோடு முடிந்த நிதியாண்டில் நிகர நட்டம் 15,000 கோடி யெனைத் தாண்டியது.

1999 முதல் 2003 வரை: முடிவுகளும் காரணங்களும்

புதிய தலைவர் பொறுப்பேற்றபோது மேசையில் இருந்தவை மூன்று வழிகள். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு செலவைக் குறைப்பது, நட்டம் தரும் சில்லு வகைகளை மட்டும் கழற்றிவிடுவது, குறைக்கடத்தியையே பிரித்துவிடுவது. நான்கு ஆண்டுக்குள் அவர்கள் முதல் வழியில் தொடங்கி, இரண்டாவதைக் கடந்து, மூன்றாவதில் போய் நின்றார்கள்.

வரிசையாகச் சொன்னால், முதலில் 15,000 வேலைகளைக் குறைக்கும் திட்டம். 1999 டிசம்பரில் டி-ரேம் தொழிலை ஹிட்டாச்சியோடு சேர்த்து ஒரு கூட்டு நிறுவனம்; அதுதான் அடுத்த ஆண்டு எல்பிடா என்று பெயர் பெற்றது. 2000 ஏப்ரலில் நிறுவனத்தை உள்ளுக்குள் மூன்றாகப் பிரித்தார்கள்: கணினித் தீர்வுகள் ஒன்று, நெட்வொர்க் ஒன்று, மின்னணுச் சாதனங்கள் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி லாபநட்டக் கணக்கு. வளர்ச்சிக்கு இணையமும் நெட்வொர்க்கும். சில்லுப் பிரிவு அவற்றுக்குத் துணை. காகிதத்தில் பார்த்தால் 1977 வியூகத்தின் தொடர்ச்சி மாதிரியே இருக்கும். ஆனால் பிரிவுகளின் எல்லையைத் தாண்டிப் பணத்தை நகர்த்தும் அந்தப் பழைய குழுவின் வேலை இனி நடக்காது. மூன்று கல்லாப்பெட்டிகள் வந்துவிட்டன.

இந்த நேரத்தில் நெட்வொர்க் பிரிவு நல்ல நிலையில் இருந்தது. 2001 அக்டோபர் 1 அன்று என்டிடியின் கைபேசிச் சேவை நிறுவனமான டொகோமோ உலகின் முதல் வணிக டபிள்யூ-சிடிஎம்ஏ மூன்றாம் தலைமுறைச் சேவையைத் தொடங்கியபோது, நெட்வொர்க் கருவியிலும் கைபேசியிலும் என்.இ.சி. முன்னணியில் இருந்தது. ஆனால் அதே ஆண்டில் தொழில்நுட்பக் குமிழி வெடித்தது. 2002 மார்ச்சோடு முடிந்த ஆண்டில் நட்டம் 31,000 கோடி யெனுக்கு மேல். ஸ்காட்லாந்துத் தொழிற்சாலையை மூடினார்கள். 2002 நவம்பரில், டி-ரேம் தவிர்த்த மற்ற குறைக்கடத்தித் தொழில் முழுவதையும் என்.இ.சி. எலக்ட்ரானிக்ஸ் என்ற தனி நிறுவனமாகப் பிரித்து, 2003 ஜூலையில் டோக்கியோ பங்குச் சந்தையில் பட்டியலிட்டார்கள்.

காரணங்களில் நியாயம் இருந்தது. சில்லுக்குத் தேவைப்படும் மூலதனம் நெட்வொர்க்கின் நிதானமான வரவுக்குப் பொருந்தவில்லை. தவிர, என்.இ.சி.யோடு கைபேசியில் போட்டி போடும் நிறுவனம், தன் அடுத்த கைபேசியின் வரைபடத்தை என்.இ.சி.யின் சில்லுப் பிரிவிடம் எப்படி நம்பிக் கொடுக்கும்? தனி நிறுவனமானால் அந்தத் தயக்கம் குறையும். முதலீட்டாளர்களும் பிரித்துக் காட்டச் சொன்னார்கள்.

பிரிந்த பிறகு

நடைமுறையில் அது அரைகுறைப் பிரிவு. பெரும்பங்கு தாய் நிறுவனத்திடமே இருந்தது. மகன் தனிக்குடித்தனம் போனான், பத்திரம் மட்டும் அப்பா பெயரில். ஓர் அமெரிக்க முதலீட்டு நிதி 2007 வாக்கில் இதைக் கேள்வி கேட்டு, பங்கை விற்கச் சொல்லி அழுத்தம் கொடுத்தது. தாய் நிறுவனம் மறுத்தது. சில்லு நிறுவனம் தனியாக மூலதனம் திரட்டி வேகமாக ஓடவும் முடியவில்லை. தாயின் நெட்வொர்க்குக்கென்றே உழைக்கவும் முடியவில்லை.

கைபேசி இன்னொரு பாடம். உள்நாட்டில் மடக்குக் கைபேசிகள் நன்றாக விற்றன. ஆனால் அவை ஜப்பானியச் சேவை நிறுவனங்கள் எழுதிக்கொடுத்த விவரக்குறிப்புக்காகச் செய்யப்பட்டவை; வெளியே எடுபடவில்லை. 2006 இறுதியில் வெளிநாட்டுக் கைபேசிச் சந்தையிலிருந்து விலகினார்கள். கைபேசிக்கான சில்லை உலக அளவில் விற்க வேண்டுமானால் உலக அளவில் விற்கும் கைபேசி வேண்டும். அது இல்லை. 2013இல் ஸ்மார்ட்போன் தயாரிப்பையும் நிறுத்தினார்கள்.

2010 ஏப்ரலில் என்.இ.சி. எலக்ட்ரானிக்ஸும், ஹிட்டாச்சி மிட்சுபிஷி எலக்ட்ரிக் இரண்டின் சில்லுப் பிரிவுகளிலிருந்து வந்த ரெனிசாஸும் இணைந்தன. ஓராண்டுகூட நிம்மதியாகப் போகவில்லை. 2011 மார்ச் 11 நிலநடுக்கம் ரெனிசாஸின் நாகா தொழிற்சாலையை முடக்கியது. கார்களுக்கான நுண்கட்டுப்படுத்திச் சில்லு அங்கிருந்துதான் பெருமளவு போய்க்கொண்டிருந்தது. கார்த் தொழிற்சாலைகள் தவித்தன. உச்சத்தில் ஒரு நாளைக்கு 2,500 பேர், வாங்கும் நிறுவனங்களின் ஆட்கள் உட்பட, வந்து சீரமைத்து ஜூன் மாதம் உற்பத்தியைத் தொடங்கினார்கள். 2012இல் அரசு சார்ந்த முதலீட்டு நிதியும் டொயோட்டா போன்ற வாடிக்கையாளர்களும் சேர்ந்து 15,000 கோடி யென் போட்டுக் காப்பாற்ற முடிவானது. பழைய உரிமையாளர்களின் பங்கு சுருங்கியது. எல்பிடாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை: 2012 பிப்ரவரியில் திவால், அடுத்த ஆண்டு அமெரிக்காவின் மைக்ரான் வாங்கியது. அதே 2012 ஜனவரியில் என்.இ.சி. மேலும் 10,000 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது.

நெட்வொர்க் பக்கம் மிஞ்சியது

சில்லு போன பிறகும் நெட்வொர்க் தொழில் சாகவில்லை. அதன் வடிவம் மாறியது. கடலடிக் கேபிள் அமைப்பதில் உலகின் முதல் மூன்று நிறுவனங்களில் என்.இ.சி. ஒன்று. சென்னையிலிருந்து அந்தமானின் போர்ட் பிளேருக்கும் மற்றத் தீவுகளுக்கும் பிஎஸ்என்எல்லுக்காகக் கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் இழுத்ததும் இவர்கள்தான். 2020 ஆகஸ்ட் 10 அன்று அது பயன்பாட்டுக்கு வந்தது. கடலுக்கடியில் கிடக்கும் ஒளிப்பெருக்கி இருபத்தைந்து ஆண்டு பழுதில்லாமல் ஓட வேண்டும். டென்டென் காலத்தில் பழகிய கண்டிப்பு இங்கே இன்னும் விலைபோகிறது.

2020 ஜூனில் என்டிடி 6,450 கோடி யென் போட்டு என்.இ.சி.யின் 4.8 விழுக்காடு பங்கை வாங்கியது. யாருடைய கருவியோடும் யாருடைய கருவியும் சேரும் திறந்த வகை 5ஜி நெட்வொர்க்கைச் சேர்ந்து உருவாக்குவது நோக்கம். பழைய பொறுமையான வாடிக்கையாளர், இந்த முறை பங்குதாரராகத் திரும்பி வந்தார். மறுபக்கம், ரெனிசாஸ் 2019இல் அமெரிக்காவின் ஐடிடி நிறுவனத்தை 670 கோடி டாலருக்கு வாங்கியது. தகவல் மையத்துக்கும் தொலைத்தொடர்புக் கருவிக்கும் சில்லு செய்யும் நிறுவனம் அது. பிரிந்துபோன பிள்ளை தன் வழியில் நெட்வொர்க் பக்கமே எட்டிப்பார்த்ததைக் கவனியுங்கள்.

மாற்றிச் செய்திருக்கக்கூடியவை

நடந்து முடிந்த பிறகு சொல்வது எளிது என்பதை ஒப்புக்கொண்டே எழுதுகிறேன்.

என் கணிப்பில், பிரித்தது பிழையில்லை. பிரித்த இடம்தான் பிழை. 2002இல் கத்தி விழுந்தது நெட்வொர்க்குக்கும் சில்லுக்கும் நடுவே. விழுந்திருக்க வேண்டியது சில்லு வடிவமைப்புக்கும் சில்லு உற்பத்திக்கும் நடுவே. டி-ரேமைக் கழற்றியது சரி, அதைப் பத்தாண்டு முன்பே செய்திருக்கலாம். ஆனால் தொலைத்தொடர்புச் சில்லின் வடிவமைப்பாளர்களைத் தொழிற்சாலைகளோடு சேர்த்து மூட்டைகட்டி அனுப்பியபோது, எக்ஸ்சேஞ்ச் பொறியாளர் பக்கத்துக் கட்டடத்துக்கு நடந்துபோய்க் கேட்டு வாங்கிவந்த அந்த வசதியும் போய்விட்டது. தொழிற்சாலை இல்லாமல் வடிவமைப்பை மட்டும் வைத்துக்கொள்ள அப்போதே வழி இருந்தது. தைவானில் பிறருக்காகச் சில்லு செய்துதரும் தொழிற்சாலைகள் 1987இலிருந்தே இயங்கின. சீனாவின் ஹுவாவெய் 2004இல் தன் சில்லு வடிவமைப்புப் பிரிவைத் தனி நிறுவனமாக்கி, உற்பத்தியை வெளியே கொடுத்து, நெட்வொர்க் கருவியில் முன்னேறியது. பின்னால் அமெரிக்கத் தடை வந்து அந்த வெளியுற்பத்தியே அதன் கழுத்தைப் பிடித்தது. ஆகவே இந்த வழியிலும் ஆபத்து உண்டு.

எதிர்த் திசையிலிருந்தும் ஓர் உதாரணம். 5ஜி தொடங்கிய நேரத்தில் நோக்கியா, தன் கருவிகளில் தனிப்பயன் சில்லுக்குப் பதிலாக விலை கூடுதலான, பின்னர் மாற்றி எழுதக்கூடிய பொதுச் சில்லுகளை நம்பியிருந்தது. 2019இல் அதன் லாபம் அடிவாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். அட்லாண்டாவில் சொன்னது அங்கே இன்னொரு முறை மெய்யானது.

இரண்டாவது மாற்றம் வாடிக்கையாளர் பற்றியது. 1985இல் என்டிடி தனியாரான அன்றே, இனி வெளிச் சந்தைக்கான விவரக்குறிப்பில் செய்வோம் என்று ஒரு தயாரிப்பு வரிசையையாவது தொடங்கியிருக்க வேண்டும். உள்நாட்டு ஆர்டர் வந்துகொண்டே இருந்ததால் அந்தத் தேவை உறைக்கவில்லை. கைபேசியிலும் அதுவே திரும்ப நடந்தது, இருபது ஆண்டு கழித்து.

மூன்றாவது, 2000இல் மூன்று பிரிவாக்கியபோது, மூன்றுக்கும் பொதுவான ஆராய்ச்சி முதலீட்டை முடிவுசெய்யும் பழைய குழுவைக் கலைக்காமல் வைத்திருக்கலாம். தனிக் கணக்கு வேண்டும்தான். ஆனால் மூன்றாம் தலைமுறைக் கைபேசிச் சில்லு எந்தப் பிரிவின் செலவு என்ற கேள்விக்கு, அந்தப் புதிய அமைப்பில் விடை சொல்ல ஆள் இல்லை.